அரை ஆயுட்காலம் மனப்பாடம், கிளியரன்ஸ் மறதி

மருந்து நிறுவனம் ஒன்றின் பணியாளர்களுக்கு பார்மகோகைனடிக்ஸ் எனப்படும் மருந்தியக்கவியலின் அடிப்படைகளை எடுத்துரைக்கும் வாய்ப்பு அண்மையில் ஹைதராபாத்தில் கிட்டியது. அவையினரில் பெரும்பாலோர் எம்.பார்ம் பட்டம் பெற்றவர்கள். 0.693 என்ற எண்ணை ஒருவரும் மறந்திருக்கவில்லை. ஆனால், ‘கிளியரன்ஸ் மாறாமலே அரை ஆயுட்காலம் நீள முடியுமா?’ என்று வினவியபோது அவை அமைதியாயிற்று. முடியும். உடல் பருமனானோரிடம் டயஸெபாம் நெடுநேரம் தங்குவதற்கு முதன்மைக் காரணம், அது கொழுப்பில் பரவும் கனஅளவு மிகுவதே. கிளியரன்ஸும் பரவல் கனஅளவும் மூலம். அரை ஆயுட்காலம் அவற்றின் விளைவு. நம் பாடத்திட்டம் விளைவை முதலில் கற்பித்து, மூலத்தைத் தேர்வுக்கு முந்தைய வாரத்திற்கு ஒத்திவைக்கிறது.

மாத்திரை வடிவமைப்புப் பிரிவைச் சேர்ந்த ஒருவர், ‘இஃது மருத்துவமனைக்குரிய அறிவு, எங்களுக்கு எதற்கு?’ என்றார். நேர்மையான கேள்வி. விடை 1968ஆம் ஆண்டின் பிரிஸ்பேன் நகரில் இருக்கிறது. அங்கு பெனிட்டாயின் உட்கொண்டுவந்த வலிப்பு நோயாளிகள் பலருக்கு நச்சு அறிகுறிகள் தோன்றின. மருந்தின் அளவை எவரும் கூட்டவில்லை. மாறியது காப்ஸ்யூலில் இடம் நிரப்பும் பொருள் மட்டுமே: கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ். முன்னது உறிஞ்சுதலைத் தடுத்து வந்திருந்தது. அது நீங்கியதும் குருதியில் செறிவு ஏறிற்று.

அவ்வேற்றம் ஏன் அத்துணைக் கடுமையாயிற்று என்பதை ஒரு தாளில் கணக்கிடலாம். பெனிட்டாயினைச் சிதைக்கும் நொதிகள் விரைவில் நிறைவடைந்துவிடும். ஒருவரின் உச்சச் சிதைவு வேகம் நாளொன்றுக்கு 500 மி.கி., கேஎம் மதிப்பு லிட்டருக்கு 4 மி.கி. என்று கொள்வோம். உடலுள் சேரும் மருந்து நாளுக்கு 300 மி.கி. எனில் நிலைச் செறிவு 6. 400 எனில் 16. 450 எனில் 36. விரும்பத்தக்க வரம்போ 10 முதல் 20 வரை. மருந்து ஒன்றரை மடங்கு, செறிவு ஆறு மடங்கு! இந்தக் கணக்கைக் கையால் போட்டவர் நிரப்புபொருளை மாற்றும் கோப்பில் எளிதாகக் கையொப்பமிட மாட்டார். வினவிய நண்பரும் அதை இருமுறை போட்டுப் பார்த்தார்.

உயிர்ச்சமான ஆய்வு இருக்கிறதே என்பர். நீரில் கரைதிறன் குறைந்த இரண்டாம், நான்காம் வகை வாய்வழி மருந்துகளுக்கு இந்தியாவில் 2017இன் விதித்திருத்தம் அதைக் கட்டாயமாக்கியது, வரவேற்கத்தக்கதே. எனினும் 80 முதல் 125 விழுக்காடு என்ற எல்லையை, மாத்திரையில் மருந்து அந்த அளவுக்குக் கூடக்குறைய இருக்கலாம் என்று பொருள்கொள்வோரை நான் தொழிற்துறைக்குள்ளேயே சந்திக்கிறேன். அந்த எல்லை, இரு மருந்துகளின் குருதிச் செறிவு அளவீடுகளுக்கிடையேயான விகிதத்தின் 90 விழுக்காட்டு நம்பக இடைவெளி முழுவதும் அடங்க வேண்டிய வேலி. மருந்தின் உள்ளடக்க அளவுக்கு விதி வேறு.

அரைநாள் வகுப்பு, எண்பது ஸ்லைடுகள், மாலையில் சான்றிதழ் என்பதே வழக்கமான பயிற்சி. மென்பொருள் உரிமத்துக்குச் செலவிடும் நிறுவனங்கள், பணியாளருக்கு நான்கு வாரங்களில் வாரத்துக்கு ஒரு பிற்பகலையும் அரைமடக்கை வரைபடத்தாளையும் தர இயலாதா? அந்தத் தாள் இப்போது கடைகளில் கிடைப்பதே அரிது. நானே அச்சிட்டுக் கொண்டு போகிறேன்.