மூடியைத் திறக்காமலே கியரை எண்ணலாம்!

பசுவந்தனைப் பக்கம் ஓடும் பிக்கப் வண்டிக்கு இரண்டு வேலை. கோவில்பட்டிக்குப் போகிற தார் ரோட்டில் வேகமாக ஓட வேண்டும். அதே வண்டி உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் ஏற்றப் புஞ்சைக்குள் இறங்கவும் வேண்டும். கரிசல் மண்ணைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு மழை பெய்தால் காலில் கிடக்கிற செருப்பைக்கூட விடாது. அந்தச் சேற்றிலிருந்து மூட்டையோடு வண்டி மேலே ஏறுமா, ஏறாதா என்பதை இன்ஜின் மட்டும் முடிவு செய்வதில்லை. முதல் கியரின் விகிதமும் பின் ஆக்ஸிலில் உள்ள கிரவுன் விகிதமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

கியர்பாக்ஸ் போய்விட்டால் புதிதாக வாங்கப் பலருக்கும் கட்டுப்படியாகாது. பழைய பாக்ஸ் தேடுவார்கள். சென்னை புதுப்பேட்டையிலிருந்து லாரி பார்சலில் வரவழைப்பவர்களும் உண்டு. வந்து இறங்கியதும் பார்ப்பது ஒன்றே ஒன்று: போல்ட் துளைகள் ஒத்துப்போகிறதா? ஒத்துப்போனால் மாட்டிவிட வேண்டியதுதான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வெளிக்கூடு ஒன்றாக இருந்தும் உள்ளே பற்சக்கரங்கள் வேறாக இருக்கலாம். அமெரிக்காவில் பிக்கப் லாரிகளில் வந்த ‘என்வி4500’ என்ற 5 கியர் பாக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். ஜெனரல் மோட்டார்ஸ் லாரிகளில் ஆரம்பத்தில் வந்ததற்கு முதல் கியர் 6.34, பின்னால் வந்ததற்கு 5.61. பெயர் ஒன்று, இழுவை வேறு.

அந்த எண்களுக்கு என்ன அர்த்தம்? முதல் கியரில் இன்ஜின் 4 சுற்று சுற்றும்போது பாக்ஸிலிருந்து பின்னால் போகும் தண்டு 1 சுற்று சுற்றினால், விகிதம் 4. வேகம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. இழுவை நான்கு மடங்காகிறது. பின் ஆக்ஸிலில் கிரவுனும் பினியனும் இதே வேலையை இன்னொரு முறை செய்கின்றன. பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல் என்றால் அந்த விகிதம் 4.1. இரண்டையும் பெருக்கினால் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் மொத்த விகிதம் கிடைத்துவிடும்.

ஒரு கணக்குக்கு, முதல் கியர் 4.3, கிரவுன் 4.88 உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் கிட்டத்தட்ட 21. அதே வண்டியில் 3.8 முதல் கியர் உள்ள பாக்ஸையும் 4.1 கிரவுனையும் மாட்டிவிட்டால் 15.6தான் வரும். இழுவையில் கால்வாசி போச்சு! தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் வண்டி முன்னைவிடச் சுகமாக ஓடுவதுபோலத்தான் தோன்றும். புஞ்சையில் இறக்கிய பிறகுதான் தெரியும். கிளட்ச்சை அரைகுறையாக மிதித்தபடியே ஏற்ற வேண்டியிருக்கும். கிளட்ச் பிளேட் கருகி நாறும். பழியெல்லாம் டிரைவர் தலையில் விழும்.

சரி, கையில் இருப்பது எந்தப் பாக்ஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆர்.சி.யில் தேடிப் பயனில்லை. அதில் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் இருக்கும். கியர்பாக்ஸ் எண் இருக்காது. அமெரிக்காவில் ஃபோர்டு பிக்கப்பின் கதவோரம் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் குறியீடு போட்டிருப்பார்கள். இங்கே கம்பெனி டீலரிடம் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த வண்டிக்குரிய கியர்பாக்ஸின் பார்ட் நம்பரைக் கேட்கலாம். ஆனால், அது ஃபேக்டரியில் மாட்டிய பாக்ஸின் ஜாதகம். நாலு கை மாறி வந்த வண்டியில் இப்போது தொங்குவது எது என்பதை அது சொல்லாது.

அடுத்து பாக்ஸையே பார்க்கலாம். மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் டீசல் போட்டுத் துடைத்தால் இரண்டு வகை எழுத்துகள் தெரியும். வார்க்கும்போதே மேடாக எழும்பிய எண்கள் வெறும் கூட்டுக்குரியவை. ஒரே கூட்டில் வேறு வேறு பற்சக்கரங்களைப் பூட்டுவார்கள் என்பதால், இந்த எண்ணைப் பார்த்து விகிதத்தை முடிவு செய்யக் கூடாது. பஞ்ச் அடித்த எண்ணோ, சின்னத் தகடோ இருந்தால் அதுதான் முழு பாக்ஸுக்குரியது. டாடா வண்டிகளில் ஜிபிஎஸ் 65, ஜிபிஎஸ் 76 என்றெல்லாம் பெயர் வருவது இந்த வகை. கண்டதும் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பெயின்ட் அடித்து விற்கும் பாக்ஸ்களில் பல நேரம் தகடே இருக்காது. எண்ணிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருந்தால் வேலை சுலபம். முன்னால் கிளட்ச் பிளேட் உட்காரும் தண்டிலும், பின்னால் வெளிவரும் தண்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். முதல் கியரைப் போட்டு, பின் தண்டு சரியாக 10 சுற்று வரும்வரை முன் தண்டைக் கையால் சுற்றுங்கள். முன் தண்டு 38 முறை சுற்றினால் விகிதம் 3.8, 43 என்றால் 4.3. ஒரே ஒரு சுற்றுக்கு எண்ணினால் தசமம் பிடிபடாது; அதனால்தான் 10 சுற்று. இப்படியே ஒவ்வொரு கியருக்கும் எண்ணி எழுதிக்கொள்ளலாம். பின் சக்கரம் இழுக்கும் வண்டிகளில் பெரும்பாலும் நான்காவது கியர் சரிக்குச் சரி, அதாவது 1 ஆக வரும். ஐந்தாவதில் முன் தண்டு 8 சுற்று சுற்றும்போதே பின் தண்டு 10 சுற்றை முடித்துவிடலாம். அப்போது விகிதம் 0.8, தார் ரோட்டில் டீசல் மிச்சப்படுத்தும் கியர் அது. முன் தண்டின் பள்ளங்களைக் கிளட்ச் பிளேட்டில் பொருத்திப் பார்ப்பதையும் அப்போதே முடித்துவிட வேண்டும்.

கிரவுனை வண்டியில் இருக்கும்போதே எண்ணலாம். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கும் தரையில் இருக்கப்போகிற பின் சக்கரத்துக்கும் இரு பக்கமும் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விடுபட்டு இருக்கும் என்பதால் இதில் மெத்தனம் கூடாது. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் வெள்ளை டேப் ஒட்டுங்கள். தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். யாரும் அடியில் படுத்து எண்ண வேண்டாம். செல்போனைத் தரையில் சாய்த்து வீடியோ எடுத்துவிட்டு, நிதானமாக ஓட்டிப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம். ஷாஃப்ட் 41 சுற்று சுற்றியிருந்தால் கிரவுன் 4.1. சக்கரம் 20 சுற்றியதற்கு 82 அல்லவா வர வேண்டும் என்று தோன்றும். ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது, டிஃபரன்ஷியல் காரணமாகத் தூக்கிய சக்கரம் இரட்டிப்பாகச் சுற்றும். 20 சுற்றுக்குக் கிரவுன் 10 சுற்றுதான். இந்த ஒரு விஷயத்தை மறந்து கணக்கைக் குழப்பிக்கொள்பவர்கள் மெக்கானிக்குகளிலேயே உண்டு.

வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் இருந்தால் ரோட்டிலும் சரிபார்க்கலாம். 215/75 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். சரிக்குச் சரி கியரில், முள் 2,000-ல் நிற்க, கிரவுன் 4.1 என்றால் வேகம் மணிக்கு 65 கி.மீ. அளவில் இருக்கும். 4.88 என்றால் 54 தான். காலியான நேரான ரோட்டில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இதைப் பார்த்துச் சொல்லட்டும். வேகத்தைச் செல்போன் ஜிபிஎஸ்ஸில் பாருங்கள், வண்டியின் ஸ்பீடாமீட்டரில் வேண்டாம். பல பிக்கப்களில் ஸ்பீடாமீட்டர் கியர்பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து கணக்கு எடுக்கிறது. கிரவுன் மாறியது அதற்குத் தெரியாது. 4.88 இருந்த இடத்தில் 4.1 உட்கார்ந்திருந்தால், மீட்டர் 54 காட்டும்போது வண்டி 65-ல் போய்க்கொண்டிருக்கும். கிலோமீட்டரையும் அது குறைத்தே எண்ணும். லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று பார்க்கிறவர்கள் அதையும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.