இழிவு எழுத்திலா, வாழ்விலா?

அரபு நாடென்றால் புனிதத் தலங்களும் எண்ணெய்க் கிணறுகளுமே எனக் கருதும் அன்பர் சிலர், எகிப்திய எழுத்தாளர் அலா அல் அஸ்வானியின் 'இமாரத்து யஅகூபியான்' (2002) புதினம் நம் இல்லங்களில் நுழையலாகாது என்கின்றனர். அது முஸ்லிம் சமுதாயத்தை இழிவுபடுத்துகிறதாம்!

கதை நிகழ்வது கெய்ரோ நகரின் ஒரே கட்டடத்தில். தளங்களில் வசதி படைத்தோர். மொட்டைமாடியின் சிற்றறைகளில் ஏழையர். வாயிற்காவலர் மகன் தாஹா, நன்கு தேறியும் காவல்துறைக் கல்லூரியில் ஏற்கப்படவில்லை. காரணம், தந்தையின் தொழில்! பின்னர்க் கைதாகி, வதைபட்டு, பழிவாங்கும் வெறியில் வன்முறை வழி சென்று மடிகிறான். அவன் விரும்பிய புஸைனாவோ, குடும்பத்தின் பசிக்காகக் கடை முதலாளியின் இச்சைக்குப் பணிய நேர்கிறது.

இதை எழுதியது இழிவா, நடக்கவிட்டது இழிவா? சிறார் கையில் தரத்தக்க நூலன்று என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆயின், பெரியோரும் படிக்கலாகாது என்பது எந்த நீதி? அநீதி இளைஞனை எங்ஙனம் கொலைஞனாக்குகிறது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டாமா?

அண்டை வீட்டார் உரிமையை மிம்பரில் முழங்கும் நாம், அண்டை வீட்டாரின் அழுகையை ஏட்டில் கேட்கவும் அஞ்சினால், அவர்தம் கதவை என்று தட்டப் போகிறோம்?