நரியைப் பழிக்காதீர்!

நரி என்றாலே வஞ்சகம் என்று சிறு வகுப்பிலேயே படித்துவிட்டோம். வட துருவத்து வெண்ணரி பறவைகளின் முட்டைகளைச் சூறையாடுகிறது என்று கேட்டதும், "அந்த நரிகளைச் சுட்டுத் தள்ளினால் என்ன?" என்கிறார்கள் சிலர். அது சரியன்று என்பது என் கருத்து.

ஆசியாவின் உச்சியில், வட சமுத்திரத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் டைமிர் தீபகற்பத்தைப் பூகோளப் படத்தில் பாருங்கள். மரமில்லாத தூந்திரப் பிரதேசம். ஜூன் மாதத்தில்தான் பனி உருகும். ஆகஸ்டு முடிவதற்குள் குளிர் திரும்பிவிடும். அதற்குள் முட்டையிட்டுக் குஞ்சுகளை ஆளாக்கிவிட வேண்டும். ஆண்டுதோறும் நம் கோடிக்கரைக்கு வரும் வளைமூக்கு உள்ளான் அந்தச் சைபீரியக் கரையில் பிறக்கும் பறவைதான்.

அதன் எடை சுமார் 60 கிராம். பாசி படர்ந்த தரையில் ஒரு சிறு குழி. அதில் நான்கு முட்டைகள். தந்தைப் பறவை அடைகாக்க உதவுவதில்லை. ஜூலை தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பிவிடும். (அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லாமலிருப்பதே நலம்!) தாய் ஒருத்தியே ஏறக்குறைய 20 நாள் அடைகாக்கிறாள். பொரித்த குஞ்சுகள் ஒரு நாளுக்குள் ஓடியாடித் தாமே பூச்சி பிடிக்கின்றன. நாம் வெறுக்கும் கொசு அவற்றுக்கு விருந்து! ஆனால் உடம்பில் சூடு நிற்பதில்லை. அடிக்கடி தாயின் சிறகுக்குள் ஓடிவர வேண்டும். குளிர்காற்று நாலு நாள் நீடித்தால் பூச்சியும் இராது, குஞ்சும் பிழைக்காது.

இனி நரியின் கதைக்கு வருவோம். அதன் முக்கிய உணவு முட்டையன்று. லெமிங் என்னும் கொழுத்த எலி. பனிக்கு அடியிலேயே குட்டி போட்டுப் பெருகும் லெமிங், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எங்கு பார்த்தாலும் திரியும். பிறகு திடீரென்று அருகிவிடும். லெமிங் மிகுந்த ஆண்டில் நரிக்கு முட்டை தேடும் அவசியம் அதிகமில்லை. பனி ஆந்தையும் அத்தகைய ஆண்டுகளில்தான் கூடு கட்டும். அது தன் கூட்டருகே நரியை அண்டவிடாது. இதைத் தெரிந்துகொண்ட பிரென்ட் வாத்து, ஆந்தைக்குப் பக்கத்து வீட்டிலேயே குடியேறிவிடுகிறது! லெமிங் குறைந்த ஆண்டிலோ, பசித்த நரி கூடு கூடாகத் தேடிப் போகிறது. அந்த ஆண்டு ஐரோப்பியக் கடற்கரைக்கு வந்து சேரும் பிரென்ட் வாத்துக் கூட்டங்களில் இளம் பறவைகளே ஏறக்குறைய இல்லாமற்போவதுண்டு.

இதில் நரியின் குற்றம் என்ன? இப்பறவைகள் பல ஆண்டுகள் வாழக்கூடியவை. ஒரு கோடை வீணானாலும் மறு கோடையில் ஈடுசெய்துவிடும். இப்படித்தான் நெடுங்காலமாகக் காலந்தள்ளி வந்திருக்கின்றன.

ஈடுசெய்ய முடியாத கேடு வேறிடத்திலிருந்து வருகிறது. டைமிரில் 33 ஆண்டுகளில் பனி உருகும் காலம் ஏறக்குறைய இரண்டு வாரம் முந்திவிட்டது என்று 2016-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். நாட் என்னும் மற்றோர் உள்ளானின் குஞ்சுகள் பொரிக்கும்போது பூச்சிகள் பெருகும் காலம் தாண்டிவிடுகிறது. அரை வயிற்றோடு வளரும் குஞ்சுகளுக்கு உடலும் சிறுத்து, அலகும் குட்டையாகிவிடுகிறது. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் ஆப்பிரிக்க மௌரிட்டானியாக் கடற்கரையில் நல்ல சிப்பிகள் சேற்றின் ஆழத்தில் இருக்கின்றன. குட்டை அலகுக்கு அவை எட்டுவதில்லை. அதனால் பிழைப்பவை குறைவு. நரி தொடாமலே நடக்கும் சாவு இது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பது நரியா, நாமா?

வளைமூக்கு உள்ளானையும் 2024-இல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

கோடிக்கரையில் பறவைகளைக் கணக்கெடுப்போர், சிறகோரம் வெளிறிய இளம் உள்ளான்களைத் தனியே எண்ணினால் நல்லது. ஓராண்டு அவை குறைந்தால், அங்கே லெமிங் இல்லை போலும் என்று பொறுத்திருக்கலாம். நாலைந்து ஆண்டு தொடர்ந்து குறைந்தால் நரியைத் தேடிப் போகவேண்டாம்.