படகில் மின்சாரம்: முதலில் கணக்கு, பிறகு கடை

லங்காவி, போர்ட்டிக்சன் பக்கம் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்க நினைப்பவர்கள் இன்ஜினையும் பாயையும் துருவித் துருவிப் பார்ப்பார்கள். பேட்டரி கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும். நடுக்கடலில் அது இறங்கிவிட்டால் குளிர்பதனப் பெட்டி மட்டுமல்ல, ரேடியோவும் விளக்கும் படகுக்குள் புகும் தண்ணீரை வெளியேற்றும் பம்பும் நின்றுபோகும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

எடுத்த எடுப்பிலேயே 3,000 வாட் இன்வெர்ட்டரை விலை கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று முதலில் தாளில் எழுதுங்கள்.

12 வோல்ட் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். குளிர்பதனப் பெட்டி ஓடும்போது 5 ஆம்பியர் இழுக்கிறது. நம் வெயிலில் நாளில் பாதி நேரம் ஓடினால் 60 ஆம்பியர்-மணி. மின்விசிறி, விளக்கு, ரேடியோ, கைப்பேசி, மடிக்கணினி எல்லாம் சேர்ந்து 40. ஆக மொத்தம் 100.

ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். அதனால் 200 ஆம்பியர்-மணி தேவை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 80 விழுக்காடு வரை எடுக்கலாம், 125 போதும். எதை வாங்கினாலும் இன்ஜினை முடுக்கும் பேட்டரி தனியாக இருக்கட்டும்.

அடுத்தது சார்ஜர். ஈய-அமிலத்துக்குப் பேட்டரி அளவில் 10 முதல் 20 விழுக்காடு, அதாவது 20 முதல் 40 ஆம்பியர் சரியாக இருக்கும். லித்தியத்துக்கு அதற்கென்று அமைப்பு உள்ள சார்ஜர் வேண்டும். லித்தியம் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். இன்ஜினோடு வரும் ஆல்டர்னேட்டர் ஓயாமல் உழைத்துச் சூடேறிக் கருகக்கூடும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜரை இடையில் பொருத்துவது நல்லது. 200 வாட் சோலார் பலகை, நல்ல வெயில் நாளில் சுமார் 60 ஆம்பியர்-மணி ஈட்டித் தரும்.

அமெரிக்காவிலிருந்து வந்த படகு என்றால் கூடுதல் கவனம் தேவை. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கரை மின்சாரத்தில் செருகும் முன் சார்ஜரில் ஒட்டியுள்ள விவரத்தைப் படியுங்கள்.

இன்வெர்ட்டர் கடைசியில்தான். 500 வாட் சோற்றுப் பானையை அரை மணி நேரம் ஓட்டினால் 23 ஆம்பியர்-மணி போய்விடும். நாள் செலவில் அது கிட்டத்தட்ட கால் பங்கு! சமையலை கேஸ் அடுப்புக்கு விட்டுவிட்டால் சிறிய இன்வெர்ட்டரே போதும். மோட்டார் உள்ள சாதனங்களுக்கு, சுத்தமான சைன் அலை தரும் வகையை வாங்குங்கள். மலிவான வகையில் அவை இரைச்சல் போடும், சூடேறும்.

1,000 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஓடினால், பேட்டரியிலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் பாயும். வயர் மெலிந்திருந்தால் தீப்பிடிக்கும். தடித்த, குட்டையான வயரைப் போட்டு, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வையுங்கள். 230 வோல்ட் இணைப்பைத் தகுதியுள்ள எலக்ட்ரிஷியனிடம் விட்டுவிடுங்கள்.

பணம் போதவில்லையா? இன்வெர்ட்டரின் அளவைக் குறையுங்கள். வயரிலும் ஃபியூஸிலும் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.