காற்றாலை எங்கே எழ வேண்டும்?

வியட்நாமிலிருந்து 1.2 கிகாவாட் மின்சாரத்தை இறக்குமதி செய்யும் திட்டத்திற்கு, சிங்கப்பூரின் எரிசக்திச் சந்தை ஆணையம் 2023 அக்டோபரில் நிபந்தனையுடன் கூடிய அனுமதி வழங்கியது. கடலில் நிறுவப்படும் காற்றாலைகளே அதன் முக்கிய ஆதாரம். சுமார் 1,000 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பிவடம் வழியாக அந்த மின்சாரம் இங்கு வந்து சேரும் என்பது திட்டம். நிலப்பரப்பு குறைந்த நமக்கு இது நல்ல செய்தி. நானும் இதை வரவேற்கிறேன்.

ஆனால், அந்தக் கடலில் நமக்கு முன்பே பயணம் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஜப்பான், கொரியா பகுதித் தீவுகளில் குஞ்சு பொரிக்கும் ‘ஸ்வின்ஹோ ஸ்டார்ம் பெட்ரல்’ எனும் சிறிய கடற்பறவை, தென்சீனக் கடலைத் தாண்டி, நமது சிங்கப்பூர் நீரிணை வழியாகவே இந்தியப் பெருங்கடலுக்குச் செல்கிறது. இத்தகைய பறவைகளின் பாதையில் காற்றாலைகள் எழுந்தால் என்ன ஆகும்?

“தகடுகளில் மோதிச் சாகும்” என்பதே பலரும் உடனே சொல்லும் பதில். உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையை 1991இல் அமைத்த டென்மார்க்கில் கிடைத்த விடை வேறு. அங்குள்ள நிஸ்டெட் காற்றாலைப் பண்ணையில் ரேடார் கொண்டு ஆய்வு நடந்தது. வலசை சென்ற கடல்வாத்துகளிலும் வாத்துகளிலும் மோதும் அபாயம் உள்ள அளவுக்கு நெருங்கியவை 1 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றவை விலகிப் பறந்தன. எல்லா இனங்களும் இப்படி விலகுவதில்லை. பெரிய கடற்காகங்கள் தகடுகள் சுழலும் உயரத்திலேயே பறப்பதுண்டு.

விலகிவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை என்கிறது ஜெர்மனியின் வட கடல் அனுபவம். மீன் பிடித்துத் தின்னும் டைவர் பறவைகள், வடதுருவப் பகுதிக்குக் கிளம்பும் முன் இளவேனிலில் அங்கு கூடுகின்றன. காற்றாலைகள் வந்தபின், அவற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் டைவர்களின் எண்ணிக்கை 94 விழுக்காடு குறைந்தது. 10 கிலோமீட்டர் வரையிலும்கூட 52 விழுக்காடு குறைந்ததாக 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கே ஒரு பறவையின் உடலும் கடலில் மிதக்கவில்லை. ஆனால், நெடும்பயணத்திற்குமுன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் இடம் பறிபோய்விட்டது. செத்த பறவைகளை மட்டும் எண்ணினால் இந்த இழப்பு நம் கண்ணில் படாது.

மோதலைத் தடுக்க வழி உண்டு. 2023 மே 13ஆம் தேதி இரவு, பறவைகள் பெருமளவில் வட கடலைக் கடக்கும் என்ற முன்கணிப்பை ஏற்று, நெதர்லாந்து தன் கடல் காற்றாலைகளில் சிலவற்றை நான்கு மணி நேரம் கிட்டத்தட்ட நிறுத்தி வைத்தது. இரண்டு நாள் முன்னதாகவே கணிப்பு கிடைப்பதால், மின்கட்டமைப்பை நடத்துவோர் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள முடிகிறது. ஆனால், டைவர்களுக்கு இது உதவாது. தகடு நின்றாலும் தூண் நிற்கிறதே! அவற்றைக் காக்க ஒரே வழி, தொடக்கத்திலேயே சரியான இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான்.

இதைக் காற்றாலைக்கு எதிரான வாதமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடல் வெப்பமடைந்தால் மீன்வளம் மாறும்; அதனால் முதலில் பட்டினி கிடப்பதும் கடற்பறவைகளே. நிலக்கரியும் எரிவாயுவும் அவற்றுக்கு நண்பர்கள் அல்ல.

மின்சாரத்தை உற்பத்தி செய்வது அண்டை நாடு என்பதால் நம் பொறுப்பு குறைந்துவிடாது. வாங்குபவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. விலை என்ன, கரிம வெளியேற்றம் எவ்வளவு என்று கேட்கும் நாம், தூண் நடும் முன் அந்தக் கடலில் எல்லாப் பருவங்களிலும் பறவைகளைக் கணக்கெடுத்தார்களா, அந்தத் தரவு வெளியிடப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மாணவர்களே, இந்தத் திட்டங்கள் நிறைவேறும் காலத்தில் பொறியாளர்களாகவும் உயிரியலாளர்களாகவும் அதிகாரிகளாகவும் இருக்கப்போவது நீங்கள். வரைபடத்தில் காற்று வேகத்தைக் குறிக்கும்போதே பறவைகளின் பாதையையும் குறித்துவிடுங்கள்.