கோயில் அண்டாவைக் கிண்டுற கை, வீட்டுச் சட்டியையும் கிண்டட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். ராத்திரி சாப்பாடு முடிஞ்சு உட்காரும்போது பொறுமையா படிங்க.

கோயில் அடுப்படியில தொண்டு செய்றவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். வெள்ளிக்கிழமை பூசை, ஆடி மாசக் கூழ், திருவிழா அன்னதானம், எதுவா இருந்தாலும் பெரிய அண்டா பக்கத்துல கரண்டியோட நிக்கிறது பெரும்பாலும் ஆம்பளைங்க. படையல் போடுறதுக்கு முன்னால ருசி பார்க்கக் கூடாது. அதனால சாம்பார் கொதிக்கிற வாசனையை வச்சே உப்பு சரியா இருக்கான்னு சொல்ற அண்ணன்மார் நம்மகிட்ட இருக்காங்க. பூசணிக்காயை ஒரே அளவா நறுக்கித் தள்ளுற தம்பிமார் இருக்காங்க. அதே அண்ணன், அதே தம்பி வீட்டுக்குப் போனதும் நாற்காலியில உட்கார்ந்து, "தண்ணி கொண்டா"ன்னு குரல் கொடுக்கிறாங்க.

யாரையும் புண்படுத்த இதை எழுதல. என் கருத்து ஒண்ணுதான். வீட்டுல சமைக்கிறது ஒரு சந்தோஷம். ஆனா வருஷம் பூரா ஒருத்தர் தலையில மட்டும் கட்டினா, சந்தோஷமா இருந்தது சுமையாயிடும். சுமையாயிட்டா ஒரு நாள் அடுப்பே எரியாது.

இப்பவே பல வீட்டுல அப்படித்தான் நடக்குது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. ஷிப்ட் முடிஞ்சு வீடு வந்து சேர ராத்திரி 8 மணி. அதுக்கு மேல அந்தப் பொண்ணு மட்டும் அடுப்படிக்குப் போகணும்னா எத்தனை நாளைக்கு முடியும்? அதனாலதான் தினமும் தப்பாவ். அதை நான் குறை சொல்லல. ஆனா 2023 தேசிய சுகாதார ஆய்வு, நம்ம நாட்டுப் பெரியவங்கள்ல 6 பேர்ல ஒருத்தருக்கு இனிப்பு நீர் இருக்குன்னு சொல்லுது. இந்தியர்கள்கிட்ட இது இன்னும் அதிகம். வெளியில வாங்குற சாப்பாட்டுல எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சீனின்னு நமக்குத் தெரியாது. வீட்டுல அந்தக் கரண்டி நம்ம கையில.

"அந்தக் காலத்துல பாட்டிமார் தனியாத்தானே சமைச்சாங்க"ன்னு சிலர் கேப்பீங்க. பத்தாங் பெர்ஜுந்தை (இப்போ பெஸ்தாரி ஜெயா), புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்டங்கள்ல வளர்ந்தவங்களைக் கேட்டுப் பாருங்க. விடியறதுக்கு முன்னாலேயே எழுந்து விறகு அடுப்பை மூட்டி, சமைச்சு, பிள்ளையை ஆயாகொட்டகையில விட்டுட்டு, பெரட்டுக்கு ஓடணும். பிறகு பால்வெட்டு. வீட்டுக்கு வந்தா மறுபடியும் அடுப்பு. அந்தக் கைப்பக்குவத்தை நாம புகழ்றோம். அந்தக் கை எவ்வளவு வலிச்சிருக்கும்னு யாரும் கேட்டதில்ல.

நமக்கு அந்தக் கஷ்டம் இல்ல. சமைக்கிறதுக்கு இதைவிட நல்ல ஊரும் கிடையாது. செக்கிஞ்சானும் தஞ்சோங் காராங்கும் நெல் விளையற பூமி. பாசிர் பெனாம்பாங்ல படகு வந்து நின்னா மீன். லயத்து வீட்டை விட்டு தாமானுக்கு வந்த பிறகும் பின்னால ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை நட்டு வச்சிருக்கோம். மானிய எண்ணெய் கிடைச்சா ஒரு கிலோ பாக்கெட் 2 வெள்ளி 50 காசு. பருப்பு, ரசம், முருங்கைக்கீரை, நெத்திலி சம்பால் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர வேலை. ரெண்டு பேர் சேர்ந்தா அரை மணி நேரம்.

இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. காலையில நாம கேக்குற முதல் கேள்வி "பசியாறிட்டீங்களா?" 2024 டிசம்பர்ல யுனெஸ்கோ, மலேசியாவோட காலை உணவுப் பண்பாட்டை மானுட மரபுப் பட்டியல்ல சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக்னு பல இனமும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுற பழக்கத்துக்குக் கிடைச்ச பெருமை அது. கடை மேசைக்குக் கிடைச்ச அந்த மரியாதை வீட்டு மேசைக்கும் வேணும். ஞாயித்துக்கிழமை காலையில அப்பா தோசை ஊத்தி, பிள்ளைங்க தட்டை நீட்டிக்கிட்டு வரிசையில நின்னா அதுவும் பண்பாடுதான்.

பிள்ளைங்களை அடுப்படிக்கு இழுக்கணும்னா கேக்ல ஆரம்பிங்க. 2020 மார்ச் 18ல நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கோயில் கதவுகூட மூடின நேரம் ஞாபகம் இருக்கா? அப்போ பாதி மலேசியா கேக் செஞ்சுச்சு. அந்த ஓவன் எல்லாம் இப்போ சட்டி அடுக்கி வைக்கிற அலமாரியாயிடுச்சு. ஓவன் இல்லாட்டியும் பரவாயில்ல. கேக் பாத்திக்குக்கு மாரி பிஸ்கட், வெண்ணெய், மைலோ, டின் பால் போதும். பிஸ்கட்டை மட்டும் உடைச்சு தனியா வச்சுட்டு, மத்ததைச் சூடாக்கி, அதுல பிஸ்கட்டைப் போட்டுக் கிளறி, தட்டுல அழுத்தி, ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. முட்டை சேர்க்காததால வெள்ளிக்கிழமையும் சாப்பிடலாம். சின்னத் துண்டா வெட்டுங்க, இனிப்பு அதிகம். தான் செஞ்சதை எல்லாரும் சாப்பிடுறதைப் பார்க்கிற பிள்ளையோட முகம் எந்தக் கடையிலயும் கிடைக்காது.

அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. அவர் அடுப்படிக்கு வந்தா, "நீங்க போங்க, இடத்தை நாசம் பண்ணிடுவீங்க"ன்னு விரட்டாதீங்க. முதல் நாள் ரசம் புளிக்கும். கடுகு கருகும். அடுப்பு மேடை முழுக்க மஞ்சள் ஆகும். விடுங்க. துடைக்கிற வேலையும் அவருக்கே.

சமைக்கிறது ஆம்பளைக்குக் கௌரவக் குறைச்சல்னு நினைக்கிறவங்க வடலூரை நினைச்சுப் பாருங்க. 1867 மே 23ல வள்ளலார் அங்க சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னைக்கும் அணையாம எரியுது. பசிச்ச வயித்துக்குச் சோறு போடுறதைவிட உயர்ந்த வழிபாடு இல்லைன்னு வாழ்ந்து காட்டின மகான் அவர். ஊர்ப் பசிக்குச் சமைக்கிறது புண்ணியம்னா, பெத்த பிள்ளை பசிக்கும் கட்டின மனைவி பசிக்கும் சமைக்கிறது எப்படிக் கௌரவக் குறைச்சலாகும்?

அதனால என் வேண்டுகோள் சின்னது. வாரத்துல ஒரு நாள் வீட்டுச் சமையல் ஆம்பளைங்க பொறுப்பு, இன்னொரு நாள் பிள்ளைங்க பொறுப்பு. அம்மா அன்னைக்கு உட்கார்ந்து சூடா சாப்பிடட்டும். பல வீட்டுல அவங்க சூடா சாப்பிட்டு வருஷக்கணக்காச்சு.

இந்த வாரம் உங்க வீட்டுல யார் சமைக்கிறாங்க, என்ன சமைக்கிறாங்க? கீழே எழுதுங்க. அண்ணன்மார்களே, உங்க சாம்பார் படம் எதிர்பார்க்கிறோம்.

எல்லாரும் பசியாறி நல்லா இருக்கணும். அம்மன் துணை. 🙏