மின்னணுவியல் சொற்பொழிவுக்குப் போகிறீர்களா?



'மின்னணுவியலின் எதிர்காலம்' என்ற தலைப்பில் தூத்துக்குடியில் ஒரு பொதுச் சொற்பொழிவு நடைபெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சாளர் என்ன சொல்வார்? சில்லுகள் மேலும் சிறியனவாகும், கணினிகள் மேலும் விரைவாக இயங்கும் என்பார். அழகிய படங்களைக் காட்டுவார். நாமும் வியந்து, கைதட்டிவிட்டு வீடு திரும்புவோம். இது போதாது என்பது என் கருத்து.

1895-ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு சோதனையைச் செய்து காட்டினார். இடையில் சுவர் இருந்தது. கம்பி இணைப்பு ஏதும் இல்லை. ஆயினும் அவர் அனுப்பிய மின்காந்த அலை அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தது. வெடிமருந்தையும் பற்ற வைத்தது. அலைநீளம் சில மில்லிமீட்டரே உள்ள அலைகளையும் அவர் ஆராய்ந்தார். அத்தகைய அலைகள் இன்று ரேடாரிலும் 5ஜி தொலைத்தொடர்பிலும் பயன்படுகின்றன. கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தால் அலைகளை உணரும் கருவிக்கு 1904-இல் அவர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கலீனா ஒரு குறைகடத்தி. டிரான்சிஸ்டர் பிறந்ததோ 1947-இல்தான்! எதிர்காலத்தைப் பற்றி ஆரூடம் கூறாமலே, அதன் ஒரு துண்டை அவர் மக்கள் முன் இயக்கிக் காட்டினார்.

நம் கடற்கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் 1961-ஆம் ஆண்டு வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. கல்லைப் பற்றிக்கொண்டு ஆழத்தில் இறங்குபவருக்கும் படகில் இருப்பவருக்கும் இடையே ஒரு கயிறுதான் செய்தித் தொடர்பு. கீழிருப்பவர் கயிற்றை அசைத்தால் மேலிருப்பவர் உடனே இழுப்பார். கேள்வியும் பதிலும் அந்த ஒரே கயிற்றில் சென்றன.

ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகுக்கு அந்தக் கயிறு எது? கைபேசி என்பீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பூமி உருண்டையாக இருப்பதால், உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கரையில் 49 மீட்டர் கோபுரத்துக்கு 25 கி.மீ.; படகில் 4 மீட்டர் உயரத்துக்கு 7 கி.மீ.; ஆக மொத்தம் 32 கி.மீ. அலைகள் சற்று வளைவதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். அதற்கு அப்பால் பூமியே குறுக்கே நிற்கிறது!

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, பல நாள் பயணமாக ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட, கேரள மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. பலர் திரும்பி வரவே இல்லை. 2019-இல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியே அது எச்சரிக்கையைப் பெறும். ஆனால் படகிலிருந்து எதையும் அனுப்பாது. 2010 முதல் வழக்கில் இருந்த அபாய அறிவிப்புக் கருவியோ செய்தியை அனுப்பும். அது கரையில் கிடைத்ததா என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. பதிலையும் பெறக்கூடிய இரண்டாம் தலைமுறைக் கருவியை இஸ்ரோ 2024 ஜனவரியில் அறிவித்தது. கயிறு செய்த வேலையைச் செய்ய மின்னணுவியலுக்கு இத்தனை காலம் ஆயிற்று.

ஆகவே, சொற்பொழிவு முடிந்ததும் எழுந்து நின்று கேளுங்கள்: "ஐயா, நீங்கள் கூறும் கருவி எந்தத் தத்துவத்தில் இயங்குகிறது? உப்புக்காற்றில் எத்தனை நாள் தாங்கும்? மின்கலம் எவ்வளவு நேரம் வரும்? சிறிய வள்ளத்துக்காரர் வாங்கும் விலையில் கிடைக்குமா?"

சொற்பொழிவு ஏற்பாடு செய்யும் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பத்துப் படங்களுக்குப் பதிலாக, இயங்கும் கருவி ஒன்றை மேசைமேல் வையுங்கள். மாணவர்கள் அதைத் தொட்டுப் பார்க்கட்டும், திறந்தும் பார்க்கட்டும்.

உங்கள் கேள்விக்குப் பேச்சாளரிடம் விடை இல்லாமற் போகலாம். அதனால் தயங்காதீர்கள். அந்த விடையைத் தேடும் பொறியாளர் இந்தக் கடற்கரைப் பள்ளி ஒன்றிலேயே இப்போது படித்துக்கொண்டிருக்கலாம் அல்லவா?